சுண்ணாம்பு நாட்டில் தோல் இருக்கை

மோட்டார் வண்டியின் தோல் இருக்கையைப் பேணும் விஷயத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டு வருகிற நண்பர்கள், அநேகமாக எல்லோருமே, எந்த எண்ணெயைத் தடவலாம், எந்தக் கிரீம் உயர்ந்தது, மாதத்துக்கு எத்தனை முறை போடலாம் என்ற கேள்விகளோடுதான் வருகிறார்கள். கடற்கரை ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகளே போதுமானவையாக இருக்கலாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே நித்தம் போய் வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. இந்த மண்ணில் தோலுக்கு நேர்கிற கேட்டில் பெரும்பங்கு தூசியால் நேர்கிறது. ஆகவே பூசுகிற கையைக் காட்டிலும் துடைக்கிற கைக்கே இங்கே வேலை அதிகம். இதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டுமானால் நம்முடைய தூசியின் பூர்வோத்தரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கிரெட்டேஷியஸ் என்று புவியியலார் பெயரிட்டிருக்கும் அந்தப் புராதன யுகத்தில், மனிதனுடைய சுவடே பூமியில் தோன்றாதிருந்த பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் அடுக்கடுக்காகப் படிந்தே இன்று நாம் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புப் பாறை உண்டாயிற்று. காரை கிராமத்து அரித்த பள்ளங்களில் நடந்தவர்களும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிற மரத்தை (அதை 1940இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன்) பார்த்தவர்களும், வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தவர்களும் இதை அறிவார்கள். அந்தப் பாறைதான் அரியலூரைச் சுற்றிச் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் வரவழைத்தது. அந்தச் சுரங்கங்களிலிருந்து கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவனுடைய இருக்கையின் மீது, முன்னொரு காலத்தில் சிப்பியாக இருந்தது இப்போது வெண்பொடியாக வந்து படிகிறது. என் வண்டியின் இருக்கைகள் பழுப்பு நிறம். சாயங்காலம் வீடு திரும்பும்போது தையல் வரிகளில் அந்த வெண்மை கோடு போட்டாற்போல் தெரியும்.

இந்தப் பொடிக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அதிலும் அதோடு கலந்து வருகிற மணலிலும் உள்ள கடினமான துகள்கள், நாம் ஏறி இறங்கும்போதெல்லாம் உடைக்கும் தோலுக்கும் நடுவில் அகப்பட்டு உப்புத்தாளைப் போல் உரசுகின்றன. டிரைவர் இருக்கையின் வெளியோரம், அதாவது வண்டியில் ஏறும்போது தொடை உரசுகிற அந்த மேட்டுப் பகுதி, மற்ற இடங்களுக்கு முன்னால் நிறம் மங்குவதற்கு இதுவே காரணம். இரண்டாவது, அது காரத்தன்மை உடையது. சுண்ணாம்புக்கல்லின் தூள் மென்மையான காரந்தான். ஆனால் சூளையில் வெந்த கிளிங்கரும் சிமெண்டும் ஈரம் பட்ட மாத்திரத்தில் பி.எச். 12க்கு மேல் போகிற உக்கிரமான காரங்கள். பதனிட்ட தோலோ பி.எச். 4ஐ ஒட்டிய அமிலத்தன்மையில் நிலைபெற்றிருப்பது. அந்த நிலையில் இருக்கும் வரைதான் அதன் நார்களும் அவற்றைப் பிணைத்திருக்கும் பதனீட்டுப் பொருளும் உறவு கலையாமல் இருக்கின்றன. மேற்பூச்சு பழுதில்லாமல் இருக்கும் இடத்தில் தூசி உள்ளே போகாது. பூச்சு தேய்ந்த ஓரத்திலும் தையல் துளையிலும் வியர்வையோடு சேர்ந்து அது உள்ளே இறங்கும்.

இதில் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்த ஒரு விசித்திரம் உண்டு. தோல் தோலாவதற்கு முதலில் சுண்ணாம்புதான் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மக்கள் தோல்ஷாப்பு என்று சொல்லும் பதனீட்டுச் சாலைகளில், உப்புக் கட்டி வந்த பச்சைத் தோலை ஊறப்போட்டு, பின் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரைக் கழற்றி, சதையைச் சீவி எறிந்த பிறகு, எடுத்துக்கொள்கிற சிரமமெல்லாம் உள்ளே ஏறிய அந்தச் சுண்ணாம்பை மீண்டும் வெளியேற்றுவதற்காகவே. அது முற்றிலும் நீங்கி, தோல் அமிலத்தில் ஊறி இணங்கி வந்த பிறகே குரோமிய உப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொட்டிகளில் வெறுங்காலோடு இறங்கி நின்று கையும் காலும் அரிக்கப்பெற்ற தொழிலாளர்களின் வாழ்க்கையை, திண்டுக்கல்லைக் களமாகக் கொண்டு டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இத்தனை பாடுபட்டு மனிதர்கள் வெளியேற்றிய பொருளை நம்முடைய சாலை மறுபடியும் கொண்டுவந்து தோலின் மேல் இடுகிறது. அதைத் துடைத்தெடுக்கிற கடமை வண்டிக்காரனைச் சேர்ந்தது.

எண்ணெய் தடவும் பழக்கத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் சொல்வதில் ஆதாரம் இல்லாமல் இல்லை. கிணற்றுப் பாசனம் கவலை ஏற்றத்தால் நடந்த நாட்களில், பெரம்பலூர் வட்டாரத்துக் கரிசல் காடுகளில், இரும்புச் சாலின் அடியில் கோத்த தோல் தும்பிதான் தண்ணீரை வாய்க்காலுக்குக் கொண்டுவந்து கொட்டிற்று. நாள் முழுவதும் நீரில் முங்கி எழுந்து, இரவில் காய்ந்து, மறுநாள் மீண்டும் முங்குகிற அந்தத் தும்பி எண்ணெய் காணாவிட்டால் விறைத்து வெடித்துவிடும் என்பதால், விளக்கெண்ணெயோ புங்க எண்ணெயோ, வீட்டில் எது உண்டோ அதைப் போட்டு நீவுவார்கள். அந்தத் தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. அதன் மேல் எந்தப் பூச்சும் கிடையாது. விட்ட எண்ணெயை அது குடித்தது. நம் ஊர்க் கரட்டு நிலங்களில் யாரும் விதைக்காமலே மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரஞ்செடியின் பட்டையும், முடிவில் நிறம் தெளிவதற்கான கடுக்காய் நீரும், பிறகு எண்ணெய்ப் பூச்சுமாக உருவான அந்தத் தென்னாட்டுத் தோலே ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் கப்பலேறி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸாக மாறியது. 1916இல் சர்க்கார் அந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதன் தேவை இருந்தது. ஆவாரம்பட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்ததும், பின்னர் அது நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரானதும் வேறு கதை.

இன்றைய மோட்டார் இருக்கை அந்த வம்சத்தைச் சேர்ந்ததன்று. அது அநேகமாகக் குரோமியத்திலோ, குரோமியம் தவிர்த்த நவீன இரசாயனங்களிலோ பதனிட்ட மாட்டுத்தோல். மேலே நிறமிப் பூச்சும், அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் நிறமற்ற மெல்லிய காப்புப் பூச்சும் ஏற்றியது. ஐரோப்பிய வரையறையில் இந்தப் பூச்சு 0.15 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அதை வெறுமனே தோல் என்று சொல்லலாம் என்று விதித்திருக்கிறார்கள். தோலுக்கு வேண்டிய கொழுப்பை, பதனிட்ட ஈரம் காயும் முன்பே, சுழலும் பீப்பாய்க்குள் ஊட்டிவிடுகிறார்கள். கந்தக அமிலத்தால் பக்குவம் செய்த விளக்கெண்ணெய் தண்ணீரில் பால்போல் கலக்குமாதலால், அது நீரோடு நீராக நார்களுக்குள் போய்ச் சேர்கிறது. சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றி, ஒய். நாயுடம்மா போன்றவர்களின் தலைமையில் உலகப் புகழ் பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பணியில் ஒரு பகுதி, இந்தக் கொழுப்பூட்டலையும் மேற்பூச்சையும் பற்றியதே. அத்தகைய தோலின் மீது தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தால் அது பூச்சைக் கடந்து உள்ளே செல்வதில்லை. மேலேயே பிசுபிசுத்து நிற்கிறது. நின்ற எண்ணெயில் மறுநாள் தூசி முழுவதும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் பூச்சையே ஊறவைத்து இளக்கியும் விடுகிறது. தும்பிக்குச் சரியாக இருந்த வைத்தியம் இருக்கைக்குச் சரியில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் இருக்கை தோல்தானா? விற்பனைக் காகிதத்தில் லெதர் என்று தொடங்கும் சொல்லைப் பார்த்துவிட்டு யாரும் நிச்சயம் செய்துகொள்ள வேண்டாம். லெதரெட் என்பது துணியின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் ஏற்றிய பொருள், நாம் நெடுங்காலமாக ரெக்சின் என்று வழங்கி வருவதன் தம்பி. மெய்யான தோல் இருக்கைகளிலும் உடம்பு படுகிற நடுப்பகுதி மாத்திரம் தோலாகவும் பக்கங்களும் பின்புறமும் ரெக்சினாகவும் இருப்பது சர்வ சாதாரணம். பெரம்பலூரில் குஷன் வேலை செய்கிற ஒருவர் எனக்குக் காட்டிய வழி எளியது. இருக்கையின் அடியில் உள்ள ஜிப்பையோ மடிப்பையோ விலக்கி, உறையின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பின்னிய துணி தெரிந்தால் ரெக்சின். பஞ்சுபோல் நார் எழுந்து, ஒழுங்கில்லாமல் தெரிந்தால் தோல். "சார், ரெக்சினுக்குப் போய் லெதர் கிரீம் போட்டு என்ன பிரயோஜனம்? வெயில்ல கிடந்தா அதுல உள்ள பசை கக்கி, தானா விறைச்சுப் போயிரும். அதுக்கு நிழல்தான் சார் மருந்து" என்றார் அவர். அந்தப் 'பசை' என்பது பி.வி.சி.யை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள். அது ஆவியாகி வெளியேறிய பிறகு எந்தக் கிரீமும் அதைத் திருப்பிக் கொடுக்காது. வெயிலில் நின்ற புது வண்டியின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படிகிற மங்கலான திரையில் அதற்கும் பங்கு உண்டு.

துடைக்கும் முறையில் ஒரு கிரமம் வேண்டும். தூசியின் மேல் நேரே ஈரத்துணியைப் போடுவது, அந்தப் பொடியைச் சேறாக்கித் துளைகளுக்குள் திணிப்பதாகும். ஆகையால் முதலில் உலர்ந்த நிலையிலேயே அதை வெளியேற்ற வேண்டும்: பெயிண்ட் அடிக்கிற மிருதுவான பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, தையல் வரிகளையும், இருக்கையும் சாய்மானமும் சந்திக்கிற இடுக்கையும் நெம்பித் தட்டிவிட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடலாம். துளையிட்ட தோலாக இருந்தால் இந்தப் படியில் இன்னும் நிதானம் வேண்டும். அதன் பிறகுதான் ஈரத்துணி. பலமுறை துவைத்து நைந்த பழைய வேட்டித் துணிக்கு மேலான துணி எனக்குக் கிடைக்கவில்லை. மைக்ரோஃபைபர் துணியும் நல்லதே. துணியை நனைத்துப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டுமே ஒழிய, இருக்கையை நனைக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பாறையின் வழியே ஊறி வருகிற போர்த் தண்ணீர் மிகவும் கடினமானது. அது காய்ந்த இடத்தில் குழாய் வாயில் படிகிற அதே வெள்ளைப் பூ இருக்கையிலும் படியும். தூசியை எடுக்கப் போய்ச் சுண்ணாம்பை ஏற்றிவிட்டு வருவது என்ன பராமரிப்பு? மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றுகிற வாலை வடித்த நீரோ இதற்கு மிகவும் உகந்தது. ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் கூடச் செலவாகாது. அழுக்கு பிடிவாதமாக இருந்தால், தோலுக்கென்று விற்கிற, நடுநிலைக் குணமுள்ள கிளீனரைத் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்து, வேறொரு ஈரத்துணியால் உடனே எடுத்துவிட வேண்டும். துணி சோப்பும் சமையல் சோடாவும் காரங்கள். பெட்ரோலும் தின்னரும் பூச்சையே கரைத்துவிடும். கொரோனாக் காலத்தில் கைக்கு அடித்துக்கொண்ட சானிடைசரை இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் அடித்தவர்களின் வண்டிகளில் மேற்பூச்சு வெளுத்துப் பிசுபிசுத்து நிற்பதை இன்றும் காணலாம். அது ஆல்கஹால் செய்த வேலை. வாட்டர் வாஷ் கடையில் டயருக்கும் டாஷ்போர்டுக்கும் அடிக்கிற சிலிக்கோன் பாலிஷை இருக்கைக்கும் சேர்த்து அடித்துப் பளபளக்கச் செய்து தருவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். அதனால் தோலுக்கு நன்மை இல்லை. திருப்பங்களில் உட்கார்ந்திருப்பவர் வழுக்குவதுதான் மிச்சம். நல்ல நிலையில் உள்ள தோல் இருக்கை பளபளக்காது. மங்கிய ஒளியோடு, கை வைத்தால் இதமான ஸ்பரிசத்தோடு இருக்கும். பளபளப்பு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் உடம்பு எண்ணெய் ஏறிய அழுக்கு.

உடம்பு எண்ணெய் என்றதும் தலைசாய்ப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளுகிற நம் குடும்பங்களில் முதலில் கெடுவது ஹெட்ரெஸ்ட்தான். அங்கே பூச்சு இளகி, நகம் பட்டால் உரிந்து வரும். அதற்கு ஒரு பருத்தித் துணி உறை போட்டு வாரந்தோறும் துவைத்துவிடுவதை யாரும் நாகரிகக் குறைவாக எண்ண வேண்டாம். பழைய முதல் வகுப்பு ரயில் பெட்டிகளில் இருந்த வழக்கந்தான் அது. புது ஜீன்ஸின் நீலச் சாயம் வெளிர்நிற இருக்கையில் ஏறிவிட்டால் சில நாட்களுக்குள் எடுத்தால்தான் உண்டு. திருநீறு சாம்பலாதலால் காரமே. கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகே பூசுகிற கிரீம் வருகிறது. பூச்சுள்ள தோலுக்கு அதன் பிரயோஜனம் குறைவானதே என்றாலும் இல்லாமல் இல்லை: துளைகளிலும் தையலிலும் தேய்ந்த ஓரங்களிலும் அது உள்ளே செல்லும், மேற்புறத்தில் உராய்வைக் குறைக்கும், வெயிலைத் தடுக்கும் பொருள் சேர்ந்திருந்தால் நிறத்தைச் சிறிது காக்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிரீமைத் துணியில் கொஞ்சமாக எடுத்து மெல்லிய படலமாக இழுத்து, நிழலில் அரை மணி ஊறவிட்டு, மிஞ்சியதை முழுவதும் துடைத்தெடுத்துவிட வேண்டும். கோடையின் முன்னும் பின்னும், மழைக்காலம் முடிந்த பின்னும் என்று ஆண்டுக்கு மூன்று முறை போதும் என்பது என் அபிப்பிராயம். பூச்சே இல்லாத அனிலின் தோல் சில உயர்ந்த வண்டிகளில் உண்டு. மறைவான மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உடனே கறுத்து உறிஞ்சும். அதற்குக் கிரீம் அடிக்கடி வேண்டியிருக்கும், வாழ்நாளும் இங்கே குறைவாகவே இருக்கும்.

வெயிலைப் பற்றி இங்கே வாழ்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! கத்திரி நாட்களில் வெளியே 40 டிகிரி இருந்தால், மூடிய வண்டிக்குள் 60ஐத் தொடுவது எளிது. நேரே வெயில் படுகிற இருக்கையின் மேற்புறம் அதையும் தாண்டும். அந்தச் சூட்டில் தோல் தன் ஈரத்தை இழந்து சுருங்குகிறது; இரவில் திரும்பப் பெறுகிறது; இந்தச் சுருக்கமும் விரிவும் மாறி மாறி நடந்தே மடிப்புகளில் வெடிப்பு தோன்றுகிறது. முன்கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதும், வேப்பமர நிழலைத் தேடி நூறடி கூடுதலாக நடப்பதும் எந்த விலையுயர்ந்த கிரீமுக்கும் மேலான பராமரிப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில் நிலைமை நேர்மாறு: நாட்கணக்கில் மூடிக் கிடக்கிற வண்டியின் இருக்கையில் சாம்பல் நிறப் பூஞ்சை பூக்கும், எண்ணெய் தடவிய இருக்கையில் முதலில் பூக்கும். வண்டியை விட்டு வெளியே நின்று, உலர்ந்த துணியால் அதைத் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, மழை விட்ட நாளில் நான்கு கதவுகளையும் திறந்து காற்றாட விடுவதே பரிகாரம்.

வெடித்துவிட்ட தோலை எந்தக் கிரீமும் ஒட்டவைப்பதில்லை. அறுந்த நார் அறுந்ததுதான். நிறமிப் பசையை நிரப்பி, தேய்த்துச் சமன் செய்து, மீண்டும் வர்ணமேற்றிக் கண்ணுக்கு மறைக்கலாம், அல்லது அந்தத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து வேறு தோல் வைத்துத் தைக்கலாம். குஷன் கடைக்காரர்கள் முழு உறையையும் மாற்றிவிடச் சொல்வார்கள். ஒரு துண்டை மாற்றித் தருவதற்கும் பொறுமையுள்ள கைகள் இருக்கின்றன, தேடிப் பிடிக்க வேண்டும். பாலாற்றின் கரையில் தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்ட வரலாறு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதை நினைக்கிற எனக்கு, இருக்கிற தோலை இன்னும் பத்தாண்டு ஓட்டுவது புதிதாக ஒன்றை வாங்குவதைவிட உசிதமாகப் படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் 2023இல் திறந்த காலணி ஆலையே தோலில்லாத செருப்பைத்தான் செய்கிறது. நம் மாவட்டத்துக்கு வரும் புதிய தொழில் அந்தத் திசையில் போகிறது.

புது வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டால், தினமும் சுரங்க வாசலில், நிழலில்லாத வெளியில் வண்டியை நிறுத்த வேண்டிய உத்தியோகமாக இருந்தால் தோல் இருக்கையைக் கேட்காதீர்கள் என்றே சொல்வேன். அங்கே நல்ல நெசவுத் துணி இருக்கையே நீடித்து உழைக்கும், கழற்றித் துவைக்கவும் ஆகும். வீட்டில் கொட்டகையும், வாரத்துக்கு ஒரு காலை நேரமும் உள்ளவர்கள் தோலை வாங்கலாம். வண்டியோடு சேர்த்து அந்தப் பிரஷையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.